அந்தக் கரடி வாக்கிங் போகவில்லை

போன கோடை விடுமுறையில் அக்கா மகளை ஒரு மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. யானை, நீர்யானை, முதலை எல்லாம் பார்த்து, ஐஸ்க்ரீமும் சாப்பிட்டு முடித்த பிறகு கரடி இருக்கும் இடத்துக்கு வந்தோம். கூண்டு என்று சொல்ல முடியாது. அகழி வெட்டி, இரண்டு மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, பாறை மாதிரி பூசிய சிமென்ட் குகை எல்லாம் வைத்த திறந்தவெளி அடைப்புதான். உள்ளே நம் காட்டுக் கரடி ஒன்று. கறுப்பு ரோமம், மார்பில் வெள்ளைக் கோடு.

அது நடந்துகொண்டிருந்தது. சுவர் ஓரமாக ஏழு எட்டு. அங்கே தலையைத் தூக்கி இடப்பக்கம் ஒரு சுழற்று. திரும்பி மறுபடி ஏழு எட்டு. மறுபடி அதே சுழற்று. கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தது. அந்தத் தடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை.

"மாமா, இது ஏன் இப்படியே நடக்குது?"

"வாக்கிங் போகுதும்மா. தொப்பை குறையணும்ல?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "வாக்கிங்னா எங்கயாவது போகணும்ல?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாமல் மான் பார்க்கலாம் வா என்று இழுத்துக்கொண்டு போய்விட்டேன். எட்டு வயசுப் பிள்ளையிடம் மழுப்பியது அப்புறம் ரொம்ப நாள் உறுத்தியது. அந்த உறுத்தலில் வாசித்ததுதான் இந்தப் பதிவு. அவளுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில், கொஞ்சம் நீண்டுவிட்டது.

அந்த நடைக்கு ஒரு பெயர் இருக்கிறது

விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இதை ஸ்டீரியோடைப்பி என்கிறார்கள். மாறாத ஒரே அசைவு, திரும்பத் திரும்ப, பார்க்கிறவருக்கு எந்த நோக்கமும் தெரியாதபடி. புலி கம்பி ஓரமாக எட்டுப் போடுவது, யானை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருப்பது, ஒட்டகச்சிவிங்கி சுவரையும் கம்பியையும் நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் இந்த வகை. யானை ஆடினால் 'பாட்டுக்கு ஆடுது' என்று நாம் கைதட்டுவோம். பாட்டே இல்லாதபோதும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

உலகத்திலேயே இதற்காகப் பெயர் வாங்கிய விலங்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையில் இருந்த கஸ் என்ற பனிக்கரடி. தன் குளத்தில் எட்டு வடிவில் நீந்திக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில். 1994-ல் அதைச் சரிசெய்ய ஒரு விலங்குப் பயிற்சியாளரை வரவழைத்தார்கள். 'கரடிக்கு மனநல மருத்துவர்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். மீனைத் தட்டில் வைக்காமல் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுத்தார்கள், உணவை ஒளித்துவைத்துத் தேடவிட்டார்கள், உருட்டவும் கடிக்கவும் பொருள்கள் போட்டார்கள். நீச்சல் குறைந்தது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. கஸ் 2013-ல், 27 வயதில் இறந்தது.

முழுக்க நிற்காதது ஏன் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது.

இடம் சின்னது, அவ்வளவுதானா?

முதலில் தோன்றுகிற பதில், இடம் போதவில்லை என்பது. இதைப் பற்றி முதன்முதலில் முறையாக யோசித்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிக் மூன்று ஊர் மிருகக்காட்சி சாலைகளையும் நடத்தியவர். காட்டு விலங்கு இஷ்டத்துக்குச் சுற்றித் திரிகிறது என்று நாம் நினைப்பதே தவறு என்றார். அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் தூங்க ஓர் இடம், தண்ணீருக்கு ஓர் இடம், வாசனை விட்டுச்செல்ல சில இடங்கள், அவற்றை இணைக்கும் வழித்தடங்கள். நாம் வீடு, அலுவலகம், டீக்கடை என்று போய்வருகிற மாதிரிதான். ஆகவே எத்தனை சதுர அடி என்பதைவிட, உள்ளே செய்வதற்கு என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்பது அவர் வாதம்.

பாதி உண்மை. மீதியைச் சொன்னது 2003-ல் 'நேச்சர்' இதழில் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் எழுதிய கட்டுரை. ஊனுண்ணி விலங்குகளில் 35 இனங்களை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: அடைப்பில் எந்த இனம் அதிகமாக இப்படி நடக்கிறது? வேட்டைக்கு அதிக நேரம் செலவிடும் இனமா, சுறுசுறுப்பான இனமா? இரண்டும் இல்லை. காட்டில் அதிகப் பரப்பில் உலாவும் இனம் எதுவோ, அதுதான் அடைப்பில் அதிகமாக முன்னும் பின்னும் நடக்கிறது. அதன் குட்டிகள்தான் அதிகமாக இறக்கின்றன. பனிக்கரடிக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் அடைப்பு, காட்டில் அது உலாவும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

யோசித்துப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கை இரண்டு பங்காக ஆக்கினால் என்ன ஆகிவிடும்? அதனால்தான் அவர்களுடைய முடிவு கறாராக இருந்தது: இப்படிப்பட்ட விலங்குகளுக்கான ஏற்பாட்டை அடியோடு மாற்றுங்கள், முடியாவிட்டால் அவற்றை வைத்துக்கொள்வதைப் படிப்படியாக நிறுத்துங்கள்.

இன்னொரு பக்கம், செய்வதற்கு வேலை வேண்டும் என்று ஹெடிகர் சொன்னதற்கும் சான்று இருக்கிறது. 1963-ல் க்ளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணம் நிறையத் தீனி இருக்கிறது. பக்கத்தில் ஒரு நெம்புகோல், அழுத்தினாலும் அதே தீனிதான் வரும். புத்தியுள்ள எலி கிண்ணத்தில்தானே சாப்பிட வேண்டும்? ஆனால் நிறைய எலிகள் நெம்புகோலை அழுத்தித் தின்றன. சும்மா கிடைப்பதைவிட உழைத்துச் சாப்பிடுவதில் ஏதோ ஒன்று இருக்கிறது. பிறகு பல விலங்குகளில் இதைக் கண்டார்கள். வீட்டுப் பூனை விதிவிலக்கு. பூனை வளர்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நம் கரடி இயல்பில் கரையான் புற்றை நகத்தால் கிழித்து, உதட்டைக் குழாய் மாதிரி குவித்து, ஊதி மண்ணைத் தள்ளி, உறிஞ்சித் தின்னும். ராத்திரி பூரா இதுதான் பிழைப்பு. அடைப்பில் அதன் சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது. சில நிமிஷத்தில் காலி. மீதி நேரத்தை அது என்ன செய்யும்?

ஒரு எச்சரிக்கை

இவ்வளவும் வாசித்தவுடன் அந்த மிருகக்காட்சி சாலையைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. நல்லவேளை, இன்னும் கொஞ்சம் வாசித்தேன். இந்த நடத்தை ஒரு தழும்பு மாதிரி. காயம் எப்போதோ பட்டிருக்கலாம். ஒரு மோசமான இடத்தில் பழகிய அசைவு, நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் வருஷக்கணக்கில் தொடரும்.

கரடி விஷயத்தில் இது ரொம்பவே பொருந்தும். மூக்கில் கயிறு கோத்துத் தெருவில் ஆடவைத்த கரடிகள் நம் நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. மீட்டு மறுவாழ்வு மையத்தில் விட்ட பிறகும் தலையை ஆட்டுவதை நிறுத்தாத கரடிகள் உண்டு. நான் பார்த்த கரடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்த பலகையில் அதன் விலங்கியல் பெயரும் ஆயுட்காலமும் இருந்தன, அதன் கதை இல்லை. ஆகவே ஒரு விலங்கு நடப்பதைப் பார்த்து, ஏதோ ஒரு கட்டத்தில் அதன் தேவை நிறைவேறவில்லை என்று சொல்லலாம். இன்று அதை வைத்திருப்பவர்தான் குற்றவாளி என்று அதிலிருந்தே சொல்லிவிட முடியாது.

அப்போ மூடிவிடலாமா?

இந்த இடத்தில் மிருகக்காட்சி சாலை ஆதரவாளர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள்: கலிபோர்னியா காண்டோர். இறக்கையை விரித்தால் மூன்று மீட்டருக்கு நெருங்கும் பிணந்தின்னிப் பறவை. 1982-ல் உலகத்திலேயே 22 மட்டும் மிச்சம். 1987-ல் காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, மொத்தம் 27 பறவைகளையும் லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ இரண்டு இடங்களில் வைத்தார்கள். காட்டில் பூஜ்யம். கௌரவமாகச் சாகவிடுங்கள் என்று அன்று எதிர்த்தவர்களும் உண்டு.

காண்டோர் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். அந்த முட்டையை எடுத்துவிட்டால் இன்னொன்று இடும். எடுத்ததை இன்குபேட்டரில் பொரிக்கவைத்து எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். குஞ்சுகள் மனிதரை அம்மா என்று நினைத்துவிடக் கூடாது என்பதால், காண்டோர் தலை மாதிரி ஒரு கைப்பாவையை மாட்டிக்கொண்டு இரை ஊட்டினார்கள். 1992-ல் விடுவிக்கத் தொடங்கினார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன, பாதிக்கும் மேல் வெளியில் பறக்கின்றன. மிருகக்காட்சி சாலைகள் இல்லாவிட்டால் இந்தப் பறவை இன்று இல்லை. இதை மறுக்க வழியே இல்லை.

ஆனால் விடுவித்த முதல் பறவைகள் என்ன செய்தன தெரியுமா? மின்கம்பத்தில் போய் உட்கார்ந்தன, கம்பியில் மோதிச் செத்தன, மனிதர்கள் இருக்கும் இடத்தைத் தேடி வந்தன. பலவற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு அடைப்புக்குள்ளேயே போலி மின்கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாக ஷாக் அடிக்கும்படி செய்து பழக்கினார்கள். இளம் பறவைகளோடு மூத்த காண்டோர்களை விட்டு வளர்த்தார்கள். கைப்பாவை இரை ஊட்டும். 'அங்கே உட்காராதே' என்று கொத்தி மிரட்ட அதற்குத் தெரியாது. அதற்குப் பெரியவங்க வேணும்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு இனத்தைக் காப்பாற்றுவது என்றால் நாம் உடம்பைக் கணக்கெடுக்கிறோம்: 22, 27, 500 என்று. அந்த உடம்பு வாழத் தெரிந்துவைத்திருந்த விஷயங்களை யார் கணக்கெடுப்பது?

கிளை ஆடும் என்று தெரியாத குரங்கு

இந்தக் கேள்விக்கு நான் வாசித்ததில் மிகச் சிறந்த பாடம், பிரேசிலின் கோல்டன் லயன் டாமரின். நம் சோலைமந்தியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; இது அணில் அளவுக் குரங்கு, பிடரி மயிரோடு ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று இருக்கும். ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் கடலோரக் காட்டில் மட்டும் வாழ்வது. காட்டை வெட்டி வெட்டி, 1970-களில் சில நூறுதான் மிச்சம். அதே சமயம் பல நாட்டு மிருகக்காட்சி சாலைகளில் அது நன்றாகவே இனம் பெருகியது. வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையின் டெவ்ரா க்ளைமன், பெஞ்சமின் பெக் முதலானோர் 1984-ல் அவற்றை பிரேசிலுக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள்.

விட்ட குரங்குகள் மரத்திலிருந்து விழுந்தன.

நம்ப முடிகிறதா? குரங்கு மரத்திலிருந்து விழுகிறது. காரணம் இதுதான். அடைப்பில் இருந்த கிளைகள் ஆணியடித்து நிறுத்தப்பட்டவை. எங்கே கால் வைத்தாலும் அசையாது. காட்டுக் கிளை வளையும், ஆடும், சில சமயம் ஒடியும். கிளை ஆடும் என்ற விஷயமே அவற்றுக்குத் தெரியாது. சாப்பாடு கிண்ணத்தில் பார்த்தே பழக்கம். பட்டைக்குள்ளும் இலைச் செருகலிலும் விரலைவிட்டுத் துழாவினால் பூச்சி கிடைக்கும் என்று தெரியாது. கொஞ்சதூரம் போனால் திரும்பிவர வழி தெரியாது. ஆரம்பத்தில் விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

பெக் குழுவினர் முதலில் செய்தது, அனுப்புவதற்கு முன்னால் பயிற்சி கொடுப்பது. உணவை ஒளித்துவைத்துத் தேடவிட்டார்கள். வாஷிங்டனில் கூண்டே இல்லாமல் மரங்களில் குடும்பம் குடும்பமாக விட்டும் பார்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு கணக்குப் பார்த்தபோது, முன்பயிற்சி பெற்றவை கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை. பலன் தந்தது வேறொன்று: விட்ட பிறகும் கைவிடாமல் பல மாதம் கூடவே இருந்து, உணவு வைத்து, வழி தவறியதைத் தேடிக் கொண்டுவந்து, காயம்பட்டதைக் கவனித்துக்கொண்டது. வளர்ந்த குரங்குகள் அப்போதும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் குட்டி போடும் வரை உயிரோடு இருந்தன. காட்டிலேயே பிறந்த அந்தக் குட்டிகள், முதல் நாளிலிருந்தே ஆடும் கிளையில் வளர்ந்தவை, விழவில்லை.

அதுதான் திருப்பம். ஏறக்குறைய 150 குரங்குகளை அனுப்பினார்கள். இன்று காட்டில் இருக்கும் டாமரின்களில் மூன்றில் ஒரு பங்கு அவற்றின் வழிவந்தவை என்கிறார்கள். 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4,800 இருந்தன. நடுவில் மஞ்சள் காய்ச்சல் பரவி, 3,700-ஆக இருந்தது 2,500-ஆகச் சரிந்து, மறுபடி ஏறிய எண்ணிக்கை இது.

டாமரின் தப்பித்தது. எல்லா இனத்துக்கும் அந்த அவகாசம் கிடைக்காது. எல்ஸ்பெத் மெக்ஃபீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-ல் ஒரு காட்டு எலி இனத்தில் இதைச் சோதித்தார். அடைப்பில் வெவ்வேறு எண்ணிக்கையில் தலைமுறைகள் கடந்த எலிகளுக்கு ஒரு வேட்டை விலங்கின் உருவத்தைக் காட்டினார். காட்டிலிருந்து வந்தவை ஓடி ஒளிந்தன. தலைமுறை கூடக்கூட ஒளிவது குறைந்தது. 35 தலைமுறை அடைப்பில் கழித்தவை ரொம்பவே அசட்டையாக இருந்தன. யாரும் அவற்றைக் கெடுக்கவில்லை. பயப்படாத எலியும் பிழைக்கிற இடத்தில் பயத்துக்கு வேலையில்லை, அவ்வளவுதான். டாமரின் இழந்தது அனுபவம், ஒரு தலைமுறையில் மீண்டது. எலி இழந்தது ரத்தத்தில் இருந்தது. அதை மீட்பது அவ்வளவு சுலபமில்லை.

வெளியே என்ன இருக்கிறது?

இன்னொரு கணக்கும் உண்டு. பயிற்சியும் கொடுத்து, பொறுமையாகவும் விட்டாலும், அந்த இனத்தை அழித்த காரணம் வெளியே அப்படியே இருந்தால்? காண்டோரை இன்றும் கொல்வது ஈயம். வேட்டைக்காரர்கள் சுட்டுப்போட்ட மிருகத்தைத் தின்னும்போது குண்டுத் துகளும் உள்ளே போகிறது. கலிபோர்னியா ஈயக் குண்டுகளை முழுமையாகத் தடைசெய்தது 2019-ல்தான்.

நம் ஊரில் இதற்கு நேரான கதை பாறு. பாறுக் கழுகுகள் 1990-களில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில ஆண்டுகளுக்குள் வெண்முதுகுப் பாறு போன்ற இனங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் காணாமல் போயின. காரணம் 2004-ல் தெரிந்தது: மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கும் மையம் இருக்கிறது, அருமையான வேலை. ஆனால் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்ததும், மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 2015-ல் குப்பியின் அளவையே குறைத்ததும், 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்லோஃபினாக் இரண்டையும் தடைசெய்ததும் நடக்காவிட்டால், வளர்த்த பாறைத் திறந்துவிடுவது விஷத்துக்கு இரை போடுவதுதான். நீலகிரி அடிவாரம், மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கூடு கட்டுகிறது என்றால், அங்கே மாட்டு மருந்தைக் கவனிக்கிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆக, மிருகக்காட்சி சாலை கொஞ்ச காலத்துக்கு ஒரு இனத்தை அடைகாக்க முடியும். அதை வீடு என்று நினைத்துக்கொண்டால்தான் சிக்கல்.

அடுத்த முறை போகும்போது

நான் மிருகக்காட்சி சாலைக்கே போக மாட்டேன் என்று முடிவு எடுக்கவில்லை. ஆனால் போனால் இனி மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, அந்த விலங்கு நம்மிடமிருந்து ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா? 'காசு கொடுத்து வந்தோம், ஒண்ணையும் காணோம்' என்று சலித்துக்கொள்கிறோமே, அது நல்ல அறிகுறி. இரண்டு, அது சாப்பாட்டுக்கு ஏதாவது மெனக்கெட வேண்டியிருக்கிறதா? மூன்று, அது எதற்காக அங்கே இருக்கிறது? மீட்கப்பட்டதா, அதன் வாரிசுகள் என்றாவது திரும்பிப் போகப் போகின்றனவா, இல்லை சும்மா நாம் பார்ப்பதற்கு மட்டுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் பலகையில் இருக்காது. அங்கே வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் பலகையில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குப் போன் செய்தேன். "அந்தக் கரடி வாக்கிங் போகலம்மா, மாமா அன்னைக்குச் சும்மா சொன்னேன்" என்று ஆரம்பித்து, புரிகிற அளவுக்குச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ காட்டுல விட்டா சரியாயிடுமா?" என்றாள். காடு அதற்குத் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்லி, டாமரின் கதையைச் சொன்னேன். கரடியை விட்டுவிட்டாள். குரங்கு மரத்திலிருந்து விழுந்ததைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்த குரங்கு திரும்ப ஏறிச்சா மாமா?"

"அது கஷ்டப்பட்டுச்சு. அதோட குட்டி ஏறிச்சு."

"கீழ விழாமலா?"

"விழாம."

சரி என்று போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.